ஜீனோவுக்கு அப்புறம் யாருமே இல்லையா?

"தமிழ்ல சயின்ஸ் ஃபிக்ஷன் வாத்தியாரோட போச்சு மச்சி."

இந்த டயலாக்கை மாசத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுடறேன். வாத்தியார்னா சுஜாதா, வேற யாரு. 2008 பிப்ரவரி 27-ம் தேதி அவர் காலமானதோட தமிழ்ல ரோபோ, விண்வெளி, கால இயந்திரம் எல்லாத்துக்கும் சேர்த்துக் காரியம் பண்ணியாச்சுங்கறது நம்ம பசங்களோட தீர்மானம். இப்படிச் சொல்றவங்கள்ல பாதிப் பேர் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ரெண்டையும் தாண்டி எதையும் தேடிப் பார்த்ததில்லைங்கறது வேற விஷயம்.

எனக்கு இதுல உடன்பாடு கிடையாது. கொஞ்ச வருஷமா ஃபேண்டஸி, சயின்ஸ் ஃபிக்ஷன்னு கையில கிடைச்சதையெல்லாம் படிச்சுட்டு இருக்கேன். தமிழ், இங்கிலீஷ், இங்கிலீஷ் வழியா வந்த சீனம், எல்லாம் கலந்துதான். என் முடிவை மொதல்லயே சொல்லிடறேன். சமீபத்துல தமிழ்ல வந்த சிறந்த ஃபேண்டஸி நாவல் ஒரு வெள்ளாட்டைப் பத்தினது. எழுதினவர் எங்க திருச்செங்கோட்டுக்காரர். அடிக்க வராதீங்க. முழுசாப் படிச்சுட்டு அப்புறமா திட்டுங்க :-)

மொதல்ல அளவுகோல். ராக்கெட் இருந்தா சயின்ஸ் ஃபிக்ஷன், டிராகன் இருந்தா ஃபேண்டஸின்னு பிரிக்கறது லைப்ரரில அலமாரி அடுக்கறவருக்கு வசதி. படிக்கறவனுக்கு அது பத்தாது. நம்ம தொழில் பாஷைல சொன்னா, ஒரு சிஸ்டத்தோட கான்ஃபிக் ஃபைலைத் திறந்து ஒரே ஒரு வரியை மாத்தணும். மாத்திட்டு, அந்த மாற்றம் மேல இருந்து இறங்கி இறங்கிக் கடைசி யூசர் வரைக்கும் போய் அவனை என்ன பாடு படுத்துதுன்னு காட்டணும். அம்பது வரியை மாத்திட்டு ரிலீஸ் நோட்ஸ் வாசிச்சுக் காட்டறது நாவல் இல்ல, டெமோ.

'என் இனிய இயந்திரா' ஏன் இன்னும் நிக்குதுன்னு இந்த அளவுகோலை வெச்சுப் பாருங்க. 1980-கள்ல எழுதின கதை, நடக்கறது 2021-ல. அந்த வருஷம் வந்து போயே போயிடுச்சு. அவர் சொன்ன சாதனங்கள்ல சிலது பலிச்சுது, பலது பலிக்கல. அதுவா முக்கியம்? குழந்தை பெத்துக்க அரசாங்கத்துகிட்ட அனுமதி வாங்கணும்னு ஒரு விதியை மாத்தினார். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோன்னு எல்லாருக்கும் ரெண்டே எழுத்துல பேர் வெச்சார். பேரைக்கூட அளந்து குடுக்கற ஆட்சின்னு தனியா விளக்கவே வேண்டியதில்லை, படிக்கறப்பவே உறைக்கும். அந்த நாய் பேசறது நமக்கு ஜாலி. ஆனா அது யார்கிட்ட, எந்த வீட்ல, எந்தப் பயத்துக்கு நடுவுல பேசுதுங்கறதுதான் நாவல்.

சரி, இந்த அளவுகோலோட நான் படிச்ச புத்தகங்களுக்கு வருவோம்.

ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி (2021): ஆண்டி வியர் எழுதினது. எங்க டீம்ல இதைப் படிக்காத ஆளே இல்ல. சூரியனோட ஒளி குறைய ஆரம்பிக்குது, ஒரு ஸ்கூல் வாத்தியார் தனியா விண்கலத்துல கண்ணு முழிக்கிறார். பிரச்சினை வரும், தீர்வு வரும், அந்தத் தீர்வுல இருந்து புதுப் பிரச்சினை வரும். நடுராத்திரி புரொடக்ஷன்ல பக் பிடிக்கற அதே சுகம். ராக்கின்னு ஒரு வேற்றுக்கிரகப் பிறவி வருது, அதை நேசிக்காம இருக்கவே முடியாது. பொழுதுபோக்குன்னு பார்த்தா பத்துக்கு ஒம்பது தாராளமா குடுக்கலாம். ஒரே ஒரு உறுத்தல். பூமியைக் காப்பாத்தற பொறுப்பு ஸ்ட்ராட்னு ஒரு அம்மாகிட்ட இருக்கு. எந்த நாட்டுச் சட்டமும் அவங்களைக் கட்டுப்படுத்தாது, கேட்டது எல்லாம் கிடைக்கும். ஆசிரியர் அதிகாரத்தை அவங்க மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாக்கறார். அந்த உத்தரவுக்கு எங்கயோ ஒரு கிராமத்துல க்யூவுல நிக்கற ஆளுக்குக் கதைல இடமே இல்ல. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, க்யூ மறுபடி வரும்.

மூணு உடல் பிரச்சினை: 'த்ரீ பாடி ப்ராப்ளம்'னு எல்லாருக்கும் தெரியும், 2024-ல நெட்ஃபிளிக்ஸ்லயும் வந்துடுச்சு. சீனாவுல லியூ சிஷின் எழுதி 2006-ல பத்திரிகைத் தொடரா வந்து, 2008-ல புத்தகமாச்சு. கென் லியூவோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2014-ல வந்து, அடுத்த வருஷம் ஹியூகோ விருது வாங்குச்சு. இயற்பியல் எல்லாம் பிரம்மாண்டம்தான், மனுஷங்க கொஞ்சம் அட்டைப் பொம்மை மாதிரி. ஆனா மொத அத்தியாயத்தை மறக்க முடியல. கலாசாரப் புரட்சி நேரத்துல, 1967-ல, ஒரு இயற்பியல் பேராசிரியரை மேடை மேல நிறுத்தி அடிச்சே கொல்றாங்க. அவரோட பொண்ணு கீழ நின்னு பாத்துட்டு இருக்கா. பின்னால அவ எடுக்கற ஒரு முடிவுதான் மொத்தக் கதையும்.

இதுல ஒரு சுவாரசியமான மேட்டர். சீனப் புத்தகத்துல இந்தக் காட்சி ஆரம்பத்துல இல்ல, நடுவுல இருக்கு. அரசாங்கத் தணிக்கைல மாட்டிக்கும்னு பயந்து உள்ள தள்ளி வெச்சாங்க. இங்கிலீஷ்ல வந்தப்பதான் ஆசிரியர் சம்மதத்தோட மறுபடி முன்னால வந்துச்சு. அதாவது ஒரு சயின்ஸ் ஃபிக்ஷன் நாவலோட அத்தியாய வரிசையவே பயம் தீர்மானிச்சிருக்கு. இதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

அனலாக்/வர்ச்சுவல் (2020): லாவண்யா லக்ஷ்மிநாராயண் எழுதினது. வெளிநாட்டுல 'தி டென் பர்சென்ட் தீஃப்'னு வேற பேர்ல வந்து, 2024-ல ஆர்தர் கிளார்க் விருதுக்கான இறுதிப் பட்டியல்ல இருந்துச்சு. ஒரு காலத்துல பெங்களூரா இருந்த ஊர் இப்ப ஏபெக்ஸ் சிட்டி. அங்க மாத்தின விதி ஒண்ணே ஒண்ணு: பெல் கர்வ். மேல இருக்கற இருபது சதவீதத்துக்கு எல்லா வசதியும், நடுவுல எழுபது, கீழ பத்து சதவீதத்தை ஊருக்கு வெளிய, டெக்னாலஜியே இல்லாத பக்கமா தள்ளிடுவாங்க.

ஐ.டி.ல இருக்கறவங்களுக்கு இது ஃபேண்டஸி இல்ல, ஏப்ரல் மாசம். நல்லா வேலை செஞ்ச ஒருத்தனை "இந்தத் தடவை கர்வ்ல ஃபிட் பண்ண வேண்டியதாப் போச்சு"ன்னு மேனேஜர் கூப்பிட்டுச் சொல்ற அந்த ரூமை இவங்க ஊர் அளவுக்குப் பெருசாக்கிட்டாங்க. பிரமாதமான யோசனை. குறைன்னா, கதை கதையா ஆள் மாறிட்டே இருக்கறதால யார் கூடவும் நமக்கு ஒட்டுதல் வரல. ஒருத்தரைப் பிடிச்சுட்டு முந்நூறு பக்கம் போயிருந்தா இது நம்ம தலைமுறையோட நாவலா ஆகியிருக்கும்.

மெஷின்ஹூட் (2021): எஸ்.பி. திவ்யா எழுதினது, நெபுலா இறுதிப் பட்டியல் வரைக்கும் போச்சு. 2095-ல நடக்குது. மெஷினோட போட்டி போட மனுஷங்க மாத்திரை போட்டுக்கறாங்க. வேகத்துக்கு ஒண்ணு, கவனத்துக்கு ஒண்ணு. முக்கியப் பாத்திரம் ஒருத்தி நித்யா, சென்னைல உக்காந்து துண்டு துண்டா கான்ட்ராக்ட் வேலை செய்யற விஞ்ஞானி. ஏ.ஐ. வந்து வேலையைப் பிடுங்குதுன்னு இன்னிக்கு நாம தினமும் புலம்பறதை அப்பவே எழுதிட்டாங்க. சண்டைக் காட்சிகளைத் தள்ளிட்டு நித்யா வீட்டுப் பகுதிகளை மட்டும் படிச்சாக்கூடப் போதும்.

தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ் (2023): இலங்கைக்காரர் வஜ்ர சந்திரசேகர எழுதினது, நெபுலா விருது வாங்கினது. பொறந்த உடனே தன் நிழலைத் தாயே பிச்சு எடுத்துட்ட ஒரு பையன். அப்பாவைக் கொல்றதுக்குன்னே வளர்க்கப்பட்டவன். அந்த அப்பா ஒரு பெரிய மதகுரு. எளிமையான புத்தகம் இல்ல, அம்பது பக்கம் பொறுமை வேணும். ஆனா இனம், சாதி, அடையாள ஆவணம், முகாம், கலவரம்னு ஒவ்வொண்ணா வரும்போது, பேரெல்லாம் கற்பனை ஊரா இருந்தாலும் எந்த நாட்டோட ரணம் இதுன்னு தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு சிங்கள எழுத்தாளர் தன் நாட்டைப் பத்தி நேரா எழுதினா எப்படி இருந்திருக்குமோ தெரியாது. சுத்தி வளைச்சு எழுதினதுல உண்மை இன்னும் கூராயிடுச்சு.

வெண்முரசு: ஜெயமோகன் 2014-ல ஆரம்பிச்சு 2020-ல முடிச்ச மகாபாரத வரிசை, மொத்தம் 26 நாவல். இதை ஃபேண்டஸின்னு சொன்னா அவர் வாசகர்கள் கோவிச்சுக்குவாங்க. உலகத்தைக் கட்டி எழுப்பறதுன்னு பார்த்தா டோல்கீனுக்குப் பக்கத்துல வெக்கலாம்கறது என் கருத்து. மொத நாவல் 'முதற்கனல்' நாகர் உலகத்துல இருந்து ஆரம்பிக்கும். எங்க மலைக்குப் படியேறிப் போனவங்களுக்குத் தெரியும், வழில பாறைலயே செதுக்கின பெரிய நாகர் இருக்கு, சனங்க மஞ்சளும் குங்குமமும் போட்டுட்டே இருப்பாங்க. மேல போனா பாதி ஆண், பாதி பெண்ணா சாமி. எங்களுக்கெல்லாம் ஃபேண்டஸிங்கறது வெளிநாட்டுல இருந்து வந்த சரக்கு இல்லீங்க. ஆறு வயசுல அம்மாயி கையைப் பிடிச்சுட்டுப் படியேறினப்பவே ஆரம்பிச்சது. வெண்முரசு அந்த நரம்பைத் தொடும். ஆனா 26 நாவலுக்கு ஆயுசு வேணும். வேலைக்குப் போறவன் மொத மூணைப் படிச்சாலே போதும், புண்ணியம் உண்டு.

இனிமேதான் மெயின் மேட்டர்.

பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை (2016): எழுதினவர் பெருமாள்முருகன். சின்ன நாவல், ஒரு ஞாயித்துக்கிழமைல முடிச்சுடலாம். அசுரர்கள் வாழற ஒரு தேசம். வயசான ஒரு கிழவன், கிழவி. வழில வந்த ராட்சசன் மாதிரி ஆள் ஒருத்தன் பொறந்து ஒரு நாள்கூட ஆகாத கருப்புக் குட்டியைக் கிழவன்கிட்டக் குடுத்துட்டுப் போறான். ஒரே ஈத்துல பொறந்த ஏழு குட்டில கடைசிக் குட்டி. பூனைக்குட்டி மாதிரி இருக்கறதால கிழவி அதுக்குப் பூனாச்சின்னு பேர் வெக்கறா. அதோட வாழ்க்கைதான் கதை. பசி, காட்டுப் பயணம், காதல், குட்டி போடறது, பஞ்சம். முடிவை நான் சொல்ல மாட்டேன்.

இதுல எங்க சயின்ஸ் ஃபிக்ஷன் இருக்குன்னு கேப்பீங்க. அந்தத் தேசத்துல ஒரு விதி இருக்கு. பொறக்கற ஒவ்வொரு குட்டியையும் அரசாங்கத்துல பதிவு பண்ணி, காது குத்தி அடையாள வில்லை போட்டாகணும். கிழவி குட்டியைத் தூக்கிட்டுப் போய் வரிசைல நிக்கறா. அந்த வரிசைதான் நாவலோட இதயம்னு நான் நினைக்கறேன். வெயிலு, தாகம், முன்னாடி பின்னாடி நிக்கறவங்க பேச்சு. யாராவது ஆட்சியைப் பத்தி ஒரு வார்த்தை விட்டா மத்தவங்க மூஞ்சில பயம் தெரியுது. எந்தப் பக்கம் எந்தக் காது இருக்கோன்னு சந்தேகம். கருப்பு ஆடுன்னா அதிகாரிகளுக்குத் தனியா ஒரு சந்தேகம், ராத்திரில அடையாளம் தெரியாதே!

டேட்டாபேஸ்ல வேலை பாக்கறவன் இந்தக் காட்சியைப் படிச்சா சிரிப்பும் வரும், வயித்தையும் கலக்கும். வழில போறவன் குடுத்துட்டுப் போன குட்டிக்குத் தாயோட ரெக்கார்டு எங்க இருக்கும்? தாய் ரெக்கார்டு இல்லாம குட்டி ரெக்கார்டைப் போட்டா சிஸ்டம் எரர் அடிக்கும். நாம ஆபீஸ்ல அதை "டேட்டா க்வாலிட்டி இஷ்யூ"ன்னு ஒரு டிக்கெட் போட்டு மூடிடுவோம். அந்த இஷ்யூவுக்கு உயிர் இருக்கு, அதைத் தூக்கிட்டு ஒரு கிழவி வெயில்ல நிக்கறான்னு ஒரு நாவல்தான் காட்ட முடியும்.

ஆதார் எண்ணுக்கு 12 இலக்கம். 2019-ல மத்திய அரசு கால்நடைகளுக்கான நோய்த் தடுப்புத் திட்டம் ஒண்ணைக் கொண்டு வந்தப்ப, மாடுங்க காதுலயும் 12 இலக்க எண்ணோட மஞ்சள் வில்லை ஏறுச்சு. பசு ஆதார்னே பேர் வந்துடுச்சு. தடுப்பூசி போட்டாச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான், நல்ல விஷயம்தான், நான் குத்தம் சொல்லல. ஆனா நாவல் வந்தது அதுக்கு மூணு வருஷம் முன்னாடி. வாத்தியார் இதைப் பண்ணியிருந்தா "தீர்க்கதரிசி"ன்னு போஸ்டர் அடிச்சிருப்போம். வெள்ளாட்டுக் கதைங்கறதால யாரும் கண்டுக்கல. பெருமாள்முருகன் வில்லையைத் திட்டலைங்கறதையும் சொல்லணும். வில்லை போடறப்ப யாரை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறாங்க, யாருக்குப் பதில் சொல்ல வாய் வர மாட்டேங்குது, அவ்வளவுதான் அவர் பாக்கறது.

இன்னொண்ணு. ஆங்கிலத்துல ஹார்டு சயின்ஸ் ஃபிக்ஷன்னு ஒரு வகை சொல்லுவாங்க. கற்பனை இருக்கும், ஆனா அறிவியல் விவரத்துல ஒரு பிசகு இருக்கக் கூடாது. அந்தக் கணக்குல பூனாச்சியும் ஹார்டுதான். ஆட்டைப் பத்தின ஒரு விவரம் தப்பா இருக்காது. இதை நான் டெஸ்ட் பண்ணியே பாத்துட்டேன். எங்க அம்மாயி வாழ்நாள் முழுக்க வெள்ளாடு வளத்தவங்க. போன பொங்கல் லீவுல ஊர்ல இருந்தப்ப கொஞ்சம் கொஞ்சமா படிச்சுக் காட்டினேன்.

"ஏஞ்சாமி, ஒரு ஈத்துல ஏழு குட்டின்னா சொன்னே?"

"ஆமா அம்மாயி."

"ரெண்டு போடும், மூணு போடும், நாலு போட்டதுகூடப் பாத்திருக்கறேன். ஏழெல்லாம் போடாது கண்ணு."

"அது மட்டும் கதைக்காக அம்மாயி."

"அப்பச் சரி. மத்ததெல்லாம் நெசந்தான். மேல படி."

இதை விடப் பெரிய விமர்சனத்தை எந்தப் பத்திரிகைலயும் நான் பாத்ததில்லை. ஒரு விதியை மட்டும் மாத்து, மத்த எல்லாத்தையும் நெசமா வை. என் அளவுகோலைத்தான் எங்க அம்மாயி ஒரே வரில சொல்லிட்டாங்க.

வரிசைல நிக்கற பகுதி வந்தப்ப அவங்க எதுவும் சொல்லல. முடிச்சதுக்கப்புறம் மட்டும், "நாம நிக்காத வரிசையா"ன்னாங்க. ஸ்ட்ராட் அம்மா மேசைக்கு அந்தப் பக்கம் யார் நிக்கறான்னு ஆண்டி வியர் எழுதலைன்னு சொன்னேனே, அது இதுதான்.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். இந்த நாவல் ஏன் ஃபேண்டஸியா வந்துச்சு?

பெருமாள்முருகன் அது வரைக்கும் எழுதினதெல்லாம் எங்க மண்ணு, எங்க சனங்க, நேரடியான கதைங்க. 2010-ல 'மாதொருபாகன்' வந்துச்சு. குழந்தை இல்லாத ஒரு தம்பதியோட துக்கம், எங்க மலை, எங்க தேர்த்திருவிழா. நாலு வருஷம் யாரும் ஒண்ணும் சொல்லல. 2014 டிசம்பர்ல திடீர்னு எதிர்ப்பு கிளம்புச்சு, புத்தகத்தைக் கொளுத்தினாங்க. 2015 ஜனவரில ஊர்ல கடையடைப்பு. நாமக்கல்ல பேச்சுவார்த்தைன்னு கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. அதுக்கப்புறம் அவர், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துட்டான்னு அறிவிச்சுட்டு எழுதறதையே நிறுத்திட்டார். 2016 ஜூலை 5-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அதே வருஷம்தான் பூனாச்சி.

கடையடைப்பு நடந்தப்ப நான் பிளஸ் டூ. எதுக்குக் கடை சாத்தியிருக்குன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் சொன்னாங்க. புத்தகத்தைப் படிச்சுட்டுச் சொன்னவங்களை நான் பாக்கவே இல்ல. மனசு புண்பட்டவங்களுக்கு அவங்க தரப்பு இருக்கலாம், அதை நான் கேலி பண்ணல. சாமியும் திருவிழாவும் விளையாட்டு விஷயம் இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா புண்பட்டா பதில் எழுதலாம், கூட்டம் போட்டுப் பேசலாம். ஒரு ஆளை ஊரை விட்டுப் போற அளவுக்கு நெருக்கறது பதில் ஆகாது.

பூனாச்சிக்கு எழுதின முன்னுரைல அவர் காரணத்தைச் சொல்லியே இருக்கார். மனுஷங்களைப் பத்தி எழுத பயமா இருக்கு, தெய்வங்களைப் பத்தி எழுத இன்னும் பயம். அசுரர்களைப் பத்தி வேணா எழுதலாம். மிருகங்கள்லயும் மாடு, பன்னி பக்கம் போக முடியாது. மிச்சம் இருக்கறது ஆடுதான், அதுல தொந்தரவில்லாதது வெள்ளாடுன்னு போகும். படிக்கறப்ப சிரிப்பு வரும். ரெண்டாந்தடவை படிச்சா வராது.

இப்ப நான் மேல ஞாபகம் வெச்சுக்கச் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பாருங்க. சீனாவுல ஒருத்தர் ஒரு அத்தியாயத்தை நடுவுல ஒளிச்சு வெச்சார். இலங்கைல ஒருத்தர் தன் நாட்டுக்கு வேற பேர் வெச்சார். எங்க ஊர்ல ஒருத்தர் அசுர தேசத்துக்கும் ஆட்டுப்பட்டிக்கும் போயிட்டார். ஃபேண்டஸின்னா நெசத்துல இருந்து தப்பிச்சுப் போறதுன்னு இன்னமும் பெரியவங்க சொல்லிட்டு இருக்காங்க. என்னைப் பொறுத்தவரை சமீபத்துல வந்த நல்ல ஃபேண்டஸி எல்லாம் நெசத்தைச் சொல்ல விடாதப்ப, அதைச் சொல்லக் கண்டுபிடிச்ச பக்கத்து வாசல்.

"அப்ப பயம் நல்லதுதானே, அதனாலதானே பூனாச்சி கிடைச்சுது"ன்னு ஒரு நண்பர் கேட்டார். இல்லீங்க. இந்த வாதத்தை நான் ஒத்துக்கவே மாட்டேன். கால் உடைஞ்சவன் கைத்தடி ஊனி அழகா நடக்கறான்னா அது அவன் திறமை, காலை உடைச்சவனுக்கு அதுல பங்கு கிடையாது. அதே ஆள் பயமில்லாம, வெறும் ஆசைல மட்டும் ஒரு அசுர தேசத்தைக் கட்டியிருந்தா எப்படி இருந்திருக்கும்? அந்த நாவல் நமக்குக் கிடைக்கவே இல்லையே. பூனாச்சியை நான் எவ்வளவு கொண்டாடினாலும் அந்த நஷ்டக் கணக்கு பாக்கி நிக்குது.

என். கல்யாண்ராமன் இதை இங்கிலீஷ்ல கொண்டு போனார், 2018-ல ஜே.சி.பி. பரிசுக்கான இறுதிப் பட்டியல்ல வந்துச்சு, அமெரிக்காவுல 2020 தேசியப் புத்தக விருதோட மொழிபெயர்ப்புப் பிரிவுல நெடும்பட்டியல் வரைக்கும் போச்சு. வெளிநாட்டுல ஃபேண்டஸி வாசகனும் எடுத்துப் படிக்கறான். நம்ம ஊர்ல மட்டும் இது "இலக்கியம்"னு தனி அலமாரி. சயின்ஸ் ஃபிக்ஷன் பசங்க அந்த அலமாரிப் பக்கம் போறதில்ல. இலக்கியக்காரங்க பூனாச்சியை ஃபேண்டஸின்னு சொன்னா மூஞ்சியைச் சுளிப்பாங்க, என்னமோ தகுதி குறைஞ்சுடற மாதிரி. ரெண்டு கோஷ்டிக்கும் நடுவுல மாட்டிட்டு நிக்குது ஆட்டுக்குட்டி. அம்புலிமாமா படிச்சு வளந்த தலைமுறைக்கு இப்படி ஒரு வேலி ஏன்னு எனக்குப் புரியவே இல்ல. வேதாளம் முருங்கை மரம் ஏறினப்ப யாரும் அது எந்த அலமாரின்னு கேக்கலையே?

ஒரு ஆசையும் சொல்லிக்கறேன். எங்க ஊர் ரிக் வண்டி இந்தியா முழுக்க போர் போடப் போகுது. ராஜஸ்தான்ல போய்க் கேட்டாலும் திருச்செங்கோடு தெரியும். ஆயிரம் அடி தாண்டித் தண்ணி வரலைன்னா விவசாயி மூஞ்சி எப்படி மாறும்னு வண்டில வேலை செய்யற பசங்களுக்குத்தான் தெரியும். அதுல ஒரு விதியை மாத்துங்க. ரெண்டாயிரம் அடில தண்ணிக்குப் பதிலா வேற ஏதோ வருது. இல்லைன்னா நிலத்தடித் தண்ணிக்கு ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு எண், ஒரு அளவு, ஒரு வரிசை. இதுக்கு நாசாவும் வேண்டாம், செவ்வாயும் வேண்டாம். பாளையம் பாளையமா விசைத்தறி ஓடுது, தறிக்காரன் வீட்டுக்கு ஒரு ரோபோ வந்தா என்ன ஆகும்? அரூ மாதிரி இணைய இதழ்கள் அறிவியல் சிறுகதைப் போட்டியெல்லாம் நடத்திட்டாங்க, புதுப் பசங்க எழுதறாங்க. எனக்கு வேண்டியது அதுல இருந்து நாவல். சென்னை, சிலிக்கான் வேலி, ஸ்பேஸ் ஸ்டேஷன் தவிர வேற ஊர்ல நடக்கற நாவல். எழுதற ஆள் முன்னுரைல "எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொல்ல வேண்டிய நிலைமை இல்லாத நாவல்.

அதுவரைக்கும், "வாத்தியாருக்கு அப்புறம் யாரும் இல்ல"ன்னு சொல்றதைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. ஜீனோ ஒரு இயந்திர நாய், மனுஷங்க மறந்ததை அது ஞாபகப்படுத்துச்சு. பூனாச்சி ஒரு வெள்ளாடு, அதுவும் அதேதான் பண்ணுது, பேச வாய் இல்லாமயே.

பி.கு: புத்தகம் காலச்சுவடு வெளியீடு. திருச்செங்கோட்டுக்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள். வாங்கி, வீட்ல ஆடு மாடு வளத்த பெரியவங்க இருந்தா அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. பிடிக்கலைன்னா தாராளமாத் திட்டுங்க, படிச்சுட்டுத் திட்டுங்க.